அரசு நூலகம் என்றால் எல்லாப் படமும் இலவசமா?

“அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அரசு நிறுவனம், அதன் தளத்தில் உள்ள எந்தப் படத்தையும் ஸ்லைடில் போட்டு எங்கேயும் பகிரலாம்” என்று ஆசிரியர்கள் சிலர் நினைக்கிறார்கள். இது சரியல்ல. படம் நூலகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். காப்புரிமை பெரும்பாலும் அதனிடம் இல்லை. நன்கொடையாக வந்தவற்றின் உரிமை எடுத்தவரிடமோ வாரிசுகளிடமோ இருக்கலாம். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் ‘ரைட்ஸ்’ (உரிமை) குறிப்பு ஒன்று இருக்கும். அதைப் படித்துவிட்டு இறக்குங்கள். வகுப்பறைக்குள் காட்டுவது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தைப் பாடமாக நடத்துபவர்களுக்குக் கவலையில்லை. அந்த நூலகத்தில் இருக்கும், பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அமெரிக்க அரசு அமைப்பின் தொகுப்பில் அரசு ஊழியர்கள் பணியில் எடுத்த படங்கள் பொதுவுடைமை, யாரும் பயன்படுத்தலாம். புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவில் எடுத்த ‘மைக்ரன்ட் மதர்’ (புலம்பெயர்ந்த தாய்) படம் அதில்தான் இருக்கிறது. அதன் வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரலைப் பிற்பாடு நெகட்டிவில் அழித்துவிட்டார்கள். விரல் தெரியும் பழைய அச்சும் அதே தளத்தில் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே ஸ்லைடில் அருகருகே வையுங்கள், வித்தியாசத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். அருமையான பாடம் அது!

அப்புறம், திரைக்கு ஜேபெக் (JPEG) கோப்பு போதும், பெரிய டிஃப் (TIFF) கோப்பு வேண்டாம். எடுத்தவர் பெயரையும் தொகுப்பின் பெயரையும் படத்துக்குக் கீழேயே போட்டுவிடுங்கள்.