ஐடி யாருடையது என்று காட்டினால் மட்டும் போதாது

வங்கிக் கையாடலை நேரில் பார்த்த சாட்சி அநேகமாக இருக்க மாட்டார். கவுண்டரில் உட்கார்ந்து முறையாக வவுச்சர் போட்டு எடுக்கும் பணத்தை யார் கவனிக்கப்போகிறார்கள்? ஆகவே வழக்கு சூழ்நிலைச் சாட்சியத்தை, அதாவது சுற்றியுள்ள ஆதாரங்களை நம்பித்தான் நடக்கிறது. அதில் பல வழக்குகள் தோற்பதற்கு என் பார்வையில் முக்கியக் காரணம், "இவர் ஐடியில் (வங்கிக் கணினிக்குள் நுழையும் பயனர் பெயரில்) பரிவர்த்தனை நடந்திருக்கிறது" என்பதோடு விசாரணை நின்றுவிடுவதுதான்.

சட்டம் பாதி வேலையை எளிதாக்கித்தான் வைத்திருக்கிறது. அரசு ஊழியர், வங்கியாளர் போன்றோர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கான பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டம் 409; 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றமென்றால் பாரதிய நியாய சன்ஹிதா 316(5). பணம் ஒப்படைக்கப்பட்டது நிரூபணமானால், அதை எந்த வழியில் எடுத்தார் என்று துல்லியமாகக் காட்டத் தேவையில்லை. கணக்குக் காட்டத் தவறியதையோ பொய்க்கணக்குக் காட்டியதையோ வைத்தே நேர்மையற்ற எண்ணத்தை ஊகிக்கலாம் என்று 1959, 1960 தீர்ப்புகளிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் அந்த ஒப்படைப்பை நிரூபிக்க 'கேஷியர்' என்ற பதவிப் பெயர் போதாது. அன்றைய பணி ஒதுக்கீடு, சாவிப் பதிவேடு, காலையில் பணத்தை எண்ணி வாங்கிப் போட்ட கையெழுத்து எல்லாம் வேண்டும். இரண்டு பேரிடம் இருக்க வேண்டிய பெட்டகச் சாவிகள் ஒருவரிடமே இருந்தது தெரிந்தால், குறுக்கு விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும்.

வைப்புத்தொகை மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வாடிக்கையாளரின் மொபைல் எண் மாற்றப்படும், குறுஞ்செய்தி அவருக்குப் போகாதபடி. பிறகு டெபாசிட் முதிர்வுக்கு முன்பே முடிக்கப்பட்டு, பணம் ஒரு சஸ்பென்ஸ் கணக்கு (பணத்தைத் தற்காலிகமாக வைக்கும் வங்கியின் உள்கணக்கு) வழியாகத் தெரிந்தவர் கணக்குக்குப் போய், ஏ.டி.எம்.மில் வெளியேறும். இந்த ஒவ்வொரு படியிலும் பதிவிட்டவர், ஒப்புதல் கொடுத்தவர், கணினி, நேரம் நான்கும் லாகில் (கணினி தானாகக் குறித்துவைக்கும் பதிவில்) இருக்கும். அதன் பக்கத்தில் வருகைப் பதிவையும் விடுப்புப் பதிவையும் சிசிடிவி காட்சியையும் வைத்துப் பாருங்கள். அவர் விடுப்பில் இருந்த நாளிலும் அதே ஐடி கிளையில் லாகின் ஆகியிருந்தால், பாஸ்வேர்டு வேறு யாருக்கோ தெரியும் என்று அர்த்தம். இதை விசாரணை அதிகாரி மறைக்கக் கூடாது. அந்த இன்னொருவர் யார் என்று தேட வேண்டும். குற்றமற்றவர் என்று கருத இடம் தரும் எந்த விளக்கமும் மிஞ்சக் கூடாது என்பதுதான் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் (1984) உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல். நிரபராதி ஒருவர் தன் பாஸ்வேர்டால் சிறைக்குப் போகாமல் காப்பதும் அதுதான்.

சிசிடிவியை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். தாமதித்தால் பழைய காட்சியின் மேல் புதியது பதிவாகிவிடும்.

இன்னொரு பெரிய தவறு, குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை மட்டும் நம்புவது. "பணத்தைக் கட்டிவிடு, போலீஸுக்குப் போக மாட்டோம்" என்று மேலதிகாரி சொல்லி வாங்கிய கடிதம், ஆசைகாட்டி வாங்கியது என்று ஒதுக்கப்படலாம். அந்தக் கடிதத்தை நம்பி மற்ற ஆதாரங்களைத் திரட்டாமல் விட்டிருந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

துறை விசாரணை அறிக்கையை அப்படியே குற்றப்பத்திரிகையாக்குவதும் ஆபத்து. நிஜாமாபாத் கிராமீண வங்கிக் கிளை மேலாளர் ஒருவரை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர் செய்தது கடுமையான துறைரீதித் தவறு என்று ஏற்றுக்கொண்டும், குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்றது. வேலையிலிருந்து நீக்கப் போதுமான ஆதாரம் சிறைக்கு அனுப்பப் போதாது.

கடைசியாக, கணினி ஆதாரங்களை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யத் தேவையான சான்றிதழ். கணக்கு அச்சுப் பிரதிகளுக்கு வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம் 2ஏ-வின்படியும், லாக், சிசிடிவி போன்றவற்றுக்கு பாரதிய சாட்சிய அதிநியமம் 63(4)-ன்படியும் வாங்க வேண்டும். 63(4) படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு, இரண்டாவது நிபுணருடையது. ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) குறிக்க வேண்டும். புகார் கொடுக்கும்போதே இதை எடுத்துவிடுங்கள். வங்கி மென்பொருள் மாறி, அன்றைய சிஸ்டம் பொறுப்பாளரும் ஓய்வுபெற்ற பிறகு கையெழுத்திட ஆள் கிடைப்பது கடினம்.