ஈட்டியைவிட சிலிண்டர்தான் பிரச்சினை
"ஈட்டி ஒவ்வொரு மீனாகப் பார்த்துத்தான் குத்துகிறது, ஸ்கூபாவோடு (முதுகில் காற்று சிலிண்டரோடு) போனாலும் கடலுக்குக் கேடில்லை" என்று ஈட்டியால் மீன் பிடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி. வலை மாதிரி கண்டதையும் வாரிக்கொண்டு வராது. ஆனால் மூச்சடக்கி இறங்குகிறவர் சில நிமிடங்களில் மேலே வந்தாக வேண்டும். ஆழத்துப் பெரிய மீன்களுக்கு அதுதான் காவல். சிலிண்டர் அந்தக் காவலை எடுத்துவிடுகிறது. பசிபிக் கடல் தீவுகளான அமெரிக்க சமோவாவில் 1990களில் இரவில் டார்ச்சும் சிலிண்டருமாக இறங்கி, பவளப்பாறை இடுக்கில் தூங்கும் கிளிமீன்களைக் குத்தி விற்றார்கள். தூங்குகிற மீனைக் குத்துவதில் என்ன பெரிய திறமை! 2001இல் அங்கே சிலிண்டரோடு போய்க் குத்தத் தடை வந்தது, இன்னொரு பசிபிக் தீவான குவாமில் 2020இல். அப்புறம், "உலகம் முழுக்கத் தடைதான்" என்று பதில் போட்டவருக்கு: ஃபுளோரிடாவில் வெளியிலிருந்து வந்து பெருகிவிட்ட சிங்கமீனை ஸ்கூபாவோடு போய்க் குத்தலாம், அரசே ஊக்குவிக்கிறது.