அப்பத்தா கைப் பச்சை

போன மாதம் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேலைக்கு நேர்முகம். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் தாளாளர் அறை. சம்பளம் வரைக்கும் பேசியாகிவிட்டது. தண்ணீர் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினேன்.

"இது என்னம்மா, டாட்டூவா?"

"ஆமா சார்."

"அழியாதா?"

"அழியாது சார்."

"பேரன்ட்ஸ் ஏதாவது சொல்வாங்களேம்மா. கலந்து பேசிட்டுச் சொல்றோம்."

பத்து நாள் கழித்து நானே போன் செய்தேன். அலுவலகத்தில் இருந்த அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கையில இருக்கிறதாலதான் மேடம். மத்தபடி உங்களைத்தான் எல்லாருக்கும் பிடிச்சிருந்துச்சு."

என் இடது முன்கையில் இருப்பது ஒரு கோலம். நான்கு புள்ளிகள், அவற்றைச் சுற்றி வளைந்து ஓடும் ஒரே கோடு, ஒரு ஓரத்தில் லேசான கோணல். இது நான் கடையில் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தது இல்லை. என் அப்பத்தாவின் கையில் எண்ணெய்த் தாளை வைத்து, பேனாவால் ஒற்றி எடுத்துக்கொண்டு போய்க் குத்தியது. அந்தக் கோணலும் அவர் கையில் இருந்ததுதான். குத்துகிறபோது வலி தாங்காமல் கையை இழுத்துக்கொண்டாராம்.

அப்பத்தாவுக்கு இப்போது 81 வயது. அவருக்குப் பச்சை குத்தியவர் ஊர் ஊராக வந்துபோன ஒரு குறவர் இனப் பெண். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தேய்த்து, அதைத் திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்து, படிந்த கரியைச் சுரண்டிக் குழைத்து ஊசியால் குத்துவார்களாம். கூலி, ஒரு படி நெல். இரண்டு கையிலும் மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை கோலம், தேள், அண்ணன் பெயர். காதில் தண்டட்டி தொங்கிய ஓட்டை இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இருக்கும்.

இந்தக் கையோடும் இந்தக் காதோடும்தான் அவர் வேலைக்குப் போனார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சமையலராகச் சேர்ந்தார். 22 வருஷம். தேள் போட்ட அந்தக் கையால்தான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். எந்தப் பெற்றோரும் வந்து கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று வாத்தியார்கள்.

அதே கோலம் என் கையில் இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஆகாது என்கிறார்கள். இதை என்னால் லேசில் விட முடியவில்லை.

அப்பத்தா தலைமுறைக்கும் இந்தச் சங்கடம் வேறு விதத்தில் வந்திருக்கிறது. அவருடைய தங்கை தன் மகன் வீட்டுக்கு மெட்ராஸ் போனபோது, பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று தொங்கிய காதை மருத்துவமனையில் வெட்டித் தைத்துக்கொண்டார். அப்படிச் செய்துகொண்ட கிழவிகள் எங்கள் பக்கம் நிறையப் பேர். இன்று மூக்கின் நடுத்தண்டில் வளையம் போட்ட பெண்ணைப் பார்த்து வரவேற்பு மேசைக்குச் சரிப்படாது என்கிறார்களே, அதற்குப் புல்லாக்கு என்று நம்மிடம் பெயரே இருக்கிறது. ஆணின் காதில் கடுக்கன் கிடந்த காலமும் ரொம்பத் தூரத்தில் இல்லை.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வேலைக்கும் உடம்பில் இருப்பதற்கும் சம்பந்தம் இருந்தால் கேட்கத்தான் வேண்டும். உணவு தயாரிக்கும் இடத்தில் மோதிரம், வளையம் எல்லாம் கழற்றச் சொல்வது சரி, சோற்றில் விழுந்துவிடும். ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கட்டான் ஆபத்து. பள்ளியிலும், சாதி அடையாளத்தைக் கையில் குத்திக்கொண்ட ஒருவர் வகுப்பில் நின்றால் நானே எதிர்ப்பேன். நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே சாதி வெறியில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. காரணம் புரிகிறது. அந்தக் கயிறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் காயப்படுத்துகிறது. நான்கு புள்ளிக் கோலம் யாரைக் காயப்படுத்தும்?

இன்னொன்றும் உண்டு, சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்கிறேன். எல்லோர் பச்சையும் ஒரே மாதிரி பார்க்கப்படுவதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற பையன் கை முழுக்கக் குத்தியிருந்தால் அது ஸ்டைல். ஜவுளிக்கடைக்கோ செக்யூரிட்டி வேலைக்கோ வந்து நிற்கிற குடிசைப் பகுதிப் பையன் கழுத்தில் குத்தியிருந்தால் ரவுடி. மை ஒன்றுதான், ஊசி ஒன்றுதான். அவனுடைய தெருவைத்தான் அங்கே பார்க்கிறார்கள். தெருவை வைத்து வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது, கழுத்தைக் காட்டிச் சொல்லிவிடலாம்.

என் சித்தப்பா மகன் கதையும் இதுதான். பத்தாவது படிக்கும்போது சித்தி இறந்துவிட்டார். அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவில், சாலையோரம் பேட்டரி இயந்திரம் வைத்திருந்தவரிடம் அம்மா பெயரைக் கழுத்தில் குத்திக்கொண்டு வந்தான். ஊசி புதுசா என்றுகூடக் கேட்கவில்லை. அவனுக்குச் சின்ன வயதில் இருந்தே ராணுவம் என்றால் உயிர். விடியற்காலை நாலரைக்கு எழுந்து கண்மாய்க் கரையில் ஓடுவான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடி முடித்தவனை, கழுத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ராணுவத்தின் மேல் எனக்குக் கோபம் குறைவு. ஏனென்றால் அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். முழங்கை மடிப்பில் இருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உட்புறம், அப்புறம் புறங்கை. நிரந்தரப் பச்சை அங்கே மட்டும் இருக்கலாம். பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் இன்னும் கறார்: முன்கை என்றால் சல்யூட் அடிக்காத இடது கை மட்டும், அளவும் அந்தப் பகுதியில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். விதி பிடிக்கிறதோ இல்லையோ, படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையன் ஆள்சேர்ப்பு அறிவிப்பையா படிப்பான்? ஓட்டப் பயிற்சி கொடுக்கிறவர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் இதை முதல் நாளே சொல்ல வேண்டும். இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் சீருடைக் கனவோடு ஒரு பிள்ளை இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

தனியார் இடங்களில்தான் விதியே கண்ணில் படுவதில்லை. விளம்பரத்தில் பி.எட். கேட்கிறார்கள், அனுபவம் கேட்கிறார்கள், கையைப் பற்றி ஒரு வரி கிடையாது. சட்டத்திலும் பிடி இல்லை. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு சாதி, மதம், பாலினம், பிறந்த இடம் போன்றவற்றை வைத்து அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. பச்சை அந்தப் பட்டியலில் இல்லை, தனியார் பள்ளிக்கு அந்தப் பிரிவே எட்டாது. அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். உங்களுக்குக் கையில் பச்சை ஆகாதென்றால் விளம்பரத்தில் போடுங்கள், காரணத்தையும் போடுங்கள். எழுதிப் பார்த்தால் அந்தக் காரணம் நிற்குமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நானும் பஸ் ஏறி, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து பின்னம் நடத்த மாட்டேன்.

ஏர் நியூசிலாந்து 2019 செப்டம்பரில் தன் ஊழியர்கள் பச்சையை வெளியே தெரிய விடலாம் என்று அனுமதித்தது. அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அது முன்னோர் அடையாளம். முகத்தில் முன்னோரைச் சுமப்பவர் விமானத்தில் தேநீர் கொடுக்கலாம் என்று அங்கே முடிவெடுத்தார்கள். நம் ஊர்ப் பாட்டிகளின் கையைப் பார்த்து வளர்ந்த தாளாளர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் புரிந்திருக்க வேண்டும்.

வேலை கிடைக்காததை அப்பத்தாவிடம் சொல்லவில்லை. காரணம் கேட்பார். கேட்டால் தன் கையைத்தான் பார்த்துக்கொள்வார்.

ராணுவம் திருப்பி அனுப்பிய அந்தச் சித்தப்பா மகன், என் தம்பி, இப்போது கூரியர் வண்டி ஓட்டுகிறான். வலது கையில் பச்சை இருந்ததால் மத்திய ஆயுதக் காவல் படையில் நிராகரிக்கப்பட்ட ஒருவர், அதை அழித்துவிட்டு மறுபடி மருத்துவக் குழு முன் நிற்கலாம் என்று 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து லேசர் சிகிச்சைக்குப் போகிறான். ஒரே நாளில் போகாது. லேசர் மையை உடைத்துவிடும், உடம்பு அதை மெல்ல மெல்ல வெளியேற்ற வேண்டும். அதனால் ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஆறு வாரம், எட்டு வாரம். போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவை, நானும் கூடப் போனேன். ரப்பர் பேண்டை இழுத்து விடுகிற மாதிரி சுளீர் சுளீர் என்று இருக்குமாம், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். முடிந்ததும் செல்போனில் படம் எடுத்துக் காட்டச் சொன்னான். 'செல்வி'யில் 'ல்' மேலே இருந்த புள்ளி மட்டும் போயிருந்தது. ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.