‘தி’யை ‘யீ’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லவில்லை

‘யீ ஓல்ட் ஷாப்’ (‘யீ’ என்பது ‘ஒய்-இ’ என்ற எழுத்துகளில்) என்ற பழம்பாணி கடைப் பலகையின் படத்தோடு ஒரு செய்தி சுற்றுகிறது: அந்தக் கால ஆங்கிலேயர்கள் ‘தி’ என்பதற்குப் பதில் ‘யீ’ என்றுதான் பேசினார்களாம். தவறு. எழுத்துதான் மாறியது, உச்சரிப்பு மாறவில்லை.

பழைய ஆங்கிலத்தில் ‘தார்ன்’ என்றொரு எழுத்து இருந்தது. ‘அது’ என்கிறோமே, அதில் வரும் ‘து’வுக்கு நெருக்கமான ஒலி. கையெழுத்தில் அதன் மேல்வளைவு திறந்துகொண்டே போய், பார்க்க ‘ஒய்’ போலவே ஆகிவிட்டது. 1476-ல் காக்ஸ்டன் என்பவர் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைப் போட்டார். ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தார்ன் கிடையாது. ‘தி’யைச் சுருக்கி அச்சிட, அச்சுக்காரர்கள் தார்னுக்குப் பதில் ‘ஒய்’யைப் போட்டு, அதன் தலையில் குட்டி ‘இ’ ஒன்றை வைத்தார்கள். 1611-ல் வந்த பைபிளிலும் சில இடங்களில் இப்படி உண்டு. படித்தவர்கள் ‘தி’ என்றே படித்தார்கள். ‘தமிழ்’ என்பதை ஆங்கில எழுத்தில் ‘இசட்-எச்’ போட்டு முடித்தாலும் நாம் ழகரமாகவே படிப்பதில்லையா, அப்படி.

‘யீ’ என்றே ஒலித்த சொல் வேறு. ‘நீங்கள்’ என்று பொருள். குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். பலகைகளில் இருப்பது பழமை காட்டப் பிற்காலத்தில் வந்த வியாபார அலங்காரம். தார்ன் எழுத்தை நேரில் பார்க்க வேண்டுமா? ஐஸ்லாந்து மொழியில் இன்றும் இருக்கிறது.