நீர்வீழ்ச்சிச் சுவரும் நோயாளியின் கூரையும்

ஒரு மருத்துவமனைக் கட்டடத்தைக் காட்டும் பதிவில் இருந்த அந்தப் படத்தை நேற்றிலிருந்து பத்துப் பேராவது அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். வரவேற்புக் கூடத்தில் இரண்டு மாடி உயரக் கருங்கல் சுவர், அதில் வழியும் தண்ணீர், அடியில் வண்ண விளக்கு. "ஆஸ்பத்திரி மாதிரியே இல்ல, ஓட்டல் மாதிரி இருக்கு" என்று ஒருவர் மெச்சியிருந்தார். அதுதான் பிரச்சினையே என்று நான் போட்ட ஒற்றை வரிக்குக் கிடைத்த வசவுகளையும் படித்திருப்பீர்கள். 'எதிலும் குறை காணும் கூட்டம்' என்று பட்டம் வேறு. சரி, பட்டத்தை வாங்கிக்கொண்டே விளக்கம் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தண்ணீர். வெதுவெதுப்பாகத் திரும்பத் திரும்பச் சுற்றும் நீரில் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும். விளக்குச் சூடு அதற்கு இன்னும் தோது. நீர் வழியும்போது கண்ணுக்குத் தெரியாத திவலைகள் காற்றில் கலக்கும். மூச்சில் போனால் நிமோனியா. 2010-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு மருத்துவமனைக் கூடத்து அலங்கார நீர்ச்சுவரால் 8 பேருக்கு இந்த நோய் வந்தது. சுத்தம் செய்வதும் கிருமி நீக்குவதும் அங்கே வழக்கம்போல நடந்துகொண்டுதான் இருந்தன. "நாங்க குளோரின் போடுவோம் சார்" என்பவர்கள் முந்தைய வரியை இன்னொரு முறை படிக்கவும்.

ஆனால் என் எரிச்சல் தண்ணீரோடு முடியவில்லை. இங்கே மருத்துவமனையை வாசலில் நின்று வரைகிறார்கள். கட்டிலில் படுத்து வரைய வேண்டும். படுத்தவர் பார்ப்பது கூரையை. அந்தக் கூரையில் என்ன இருக்கிறது? நேர் மேலே கண்ணைக் குத்தும் விளக்கு. 1933-ல் பின்லாந்தின் பைமியோ காசநோய் மருத்துவமனையைக் கட்டிய கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ, படுத்தவரின் பார்வையில் படாத இடத்தில் விளக்கை வைத்தார், கூரைக்குக் கண்ணுக்கு இதமான மங்கிய பச்சை பூசினார், பக்கத்துக் கட்டில்காரர் விழிக்காதபடி தண்ணீர் சத்தமில்லாமல் விழும் சாய்வில் வாஷ்பேசின் அமைத்தார். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகிறது. நாம் இன்னும் கருங்கல்லில் நிற்கிறோம்.

"அழகே வேண்டாமா?" வேண்டும். கட்டிலுக்கு வேண்டும். ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வு மருத்துவமனை வடிவமைப்புத் துறையில் எல்லோரும் அறிந்தது. பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரில் பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்துகளும் குறைவாகவே தேவைப்பட்டன. சின்ன ஆய்வு என்பீர்கள். சின்னதுதான். ஆனால் ஜன்னலின் அடிவிளிம்பை மெத்தை மட்டத்துக்கு இறக்க என்ன பெரிய செலவு? மார்பளவு உயரத்தில் ஜன்னல் வைத்தால், நின்று பார்க்கும் பார்வையாளருக்குத் தோட்டம், படுத்திருக்கும் நோயாளிக்கு வெறும் வானம்.

"நிதி இல்லை." இதைச் சொல்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை. கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே மயங்கி விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. வரைபடத்தில் இதை மாற்ற ஆகும் செலவு ஒரு அழிரப்பர். அவசர அழைப்புக் கயிறு தரை வரை தொங்க வேண்டும். கூட்டித் துடைக்க இடைஞ்சல் என்று அதை மேலே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள், விழுந்தவர் எட்டுவது எப்படி? கட்டிலின் தலைமாட்டுச் சுவர்ப் பக்கமே கழிப்பறை வந்தால், ராத்திரியில் கைப்பிடியைப் பிடித்தபடியே போய்வரலாம். எதிர்ப்பக்கம் வைத்தால் நடுத்தரையை வெறுங்கையோடு கடக்க வேண்டும்.

தரை இன்னொரு கொடுமை. முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. மறதி நோய் உள்ள முதியவருக்கு அந்தப் பளபளப்பு ஈரமாகத் தெரியும், நடுவில் போட்ட கறுப்புக் கட்டம் குழியாகத் தெரியும். தாண்டப் பார்ப்பார், விழுவார். பிறகு 'கவனிக்கவில்லை' என்று நர்ஸ் மேல் விசாரணை.

மஞ்சள் திரை, பச்சைச் சுவர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திரையில் பட்டு வரும் மஞ்சள் ஒளி விழுந்த தோலில் மஞ்சள் காமாலை தெரியாது. நீலமும் பச்சையும் பட்டால் உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்பதில் குழப்பம் வரும். பரிசோதிக்கும் இடத்தில் நிறம் காட்டும் திறன் (CRI) 90-க்கு மேல் உள்ள விளக்கு வேண்டும். பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், படித்து வாங்கினால் போதும்.

அடுத்து சத்தம். வார்டில் இரவு 30 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணாடி, டைல்ஸ், கருங்கல் என்று எல்லாமே கெட்டிப் பரப்பாக இருந்தால் ஒலி எங்கே போகும்? எதிரொலிக்கும், அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று எல்லோரும் இன்னும் உரக்கப் பேசுவார்கள். ஒலியை உறிஞ்சும் கூரைப் பலகை, ட்ராலிக்கு ரப்பர் சக்கரம், அடித்துச் சாத்தாத குப்பைத் தொட்டி மூடி. பட்ஜெட் இறுகியதும் முதலில் வெட்டுப்படுவது அந்தக் கூரைப் பலகைதான். நீர்ச்சுவர் எந்தப் பட்டியலிலிருந்தும் வெட்டுப்பட்டதில்லை என்பது தற்செயலாம்!

ஒரு எதிர்வாதத்தை மட்டும் நேர்மையாக ஏற்கிறேன். எல்லோருக்கும் தனி அறை கொடுத்தால் தூக்கமும் தொற்றுத் தடுப்பும் மேம்படும், ஆனால் நர்ஸ் நடக்கும் தூரம் கூடும், ஒரே பார்வையில் எல்லோரையும் பார்க்க முடியாது. உண்மை. வார்டின் ஒரு கோடியில் பெரிய நர்ஸ் ஸ்டேஷன் கட்டுவதற்குப் பதிலாக, இரண்டு அறைக்கு நடுவே கண்ணாடி ஜன்னல் வைத்துச் சின்ன மேசை போட்டால் பாதி தீரும். மீதிக்குக் கூடுதல் ஆள் வேண்டும். அதற்குக் கட்டடக்கலையில் மருந்து கிடையாது.

நர்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்தப் பதிவில் 37 படங்கள் இருந்தன. எண்ணினேன். கூடம், லிஃப்ட், காபிக் கடை, வண்டி நிறுத்தம் எல்லாம் உண்டு. 12 மணி நேர ஷிப்ட் பார்ப்பவர் கால் நீட்ட ஓர் அறை? இல்லை. இருந்தாலும் அது அடித்தளத்தில், ஜன்னல் இல்லாமல், பழைய கோப்பு அலமாரியோடுதான் இருக்கும். மருந்து அளந்து ஊற்றும் இடம் நடைபாதை ஓரத்தில், போகிற வருகிறவர்கள் எல்லாம் "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவார்?" என்று கேட்பார்கள். அந்த இடையூறில்தான் மருந்து மாறும். ஒரு கதவும் தனி விளக்கும் போட்டுக் கொடுக்க மனமில்லை, செவிலியர் தினத்துக்கு மட்டும் ரோஜாப்பூ.

என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் 38-ஆவது படமாகப் பணியாளர் கழிப்பறையை எடுத்து அனுப்புங்கள். எந்த மாடியில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.