ஒல்லியாக இருக்கிறதே என்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை சாயங்காலம் நம் டாலஸ் வாட்ஸாப் குரூப்பில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள், மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். "இவ்ளோ ஒல்லியா இருக்கு, இதுக்கா இத்தனை அலப்பறை?" என்று, மெலிசான ஒரு டொர்னேடோவின் (மேகத்திலிருந்து தரை வரை சுழலும் காற்றுத்தூண்) வீடியோ. கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. அப்புறம், உலகின் பயங்கரமான பத்து டொர்னேடோக்கள் என்று பின்னணி இசையெல்லாம் போட்டு இன்னொரு வீடியோ, என்னை டேக் செய்து, "வாத்தியாரே, இதுக்குப் பேர்தான் டொர்னேடோ" என்று ஒரு வரி.

அந்த டொர்னேடோ வந்தபோது எல்லாரையும் வீட்டுக்குள் பத்திரமாகப் போகச் சொன்னது நான்தான். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். பட்டப்பெயருக்கும் நன்றி.

முதலில் அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். அதைத் தயாரித்தவர் எதை வைத்து வரிசைப்படுத்தினார் என்று யோசித்துப் பார்த்தேன். பருமனாக இருந்தால் மேலே, கறுப்பாக இருந்தால் இன்னும் மேலே. அவ்வளவுதான் அளவுகோல். பார்க்கப் பயமாக இருந்தால் பலமானது, பார்க்கச் சாதுவாக இருந்தால் பலவீனமானது. உருவம் வேறு, வலிமை வேறு. குரூப்பில் இதைத்தான் சொன்னேன், யாரும் படிக்கவில்லை. இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

2007 ஜூன் 22. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஈலி என்ற சின்ன ஊர். அன்றைக்கு வந்த டொர்னேடோவின் வீடியோவைத் தேடிப் பாருங்கள். வெள்ளையாக, மெலிசாக, நெளிந்து நெளிந்து, எந்த நிமிடமும் அறுந்துவிடும் போல ஒன்று. அந்த மெலிசான கட்டத்தில்தான் அது ஒரு முழு வீட்டை அடித்தளத்திலிருந்து பிடுங்கித் தூக்கி, அந்தரத்திலேயே சிதறடித்தது. டொர்னேடோவின் வலுவுக்கு எஃப்0 முதல் எஃப்5 வரை நம்பர் கொடுப்பார்கள், இதை முதலில் எஃப்4 என்றுதான் மதிப்பிட்டார்கள். வீடு பறப்பதை வீடியோவில் ஆராய்ந்த பிறகு எஃப்5 என்று உயர்த்தினார்கள். மணிக்கு 420 கிலோமீட்டருக்கு மேல். கனடாவின் ஒரே எஃப்5 அதுதான். யாரும் சாகவில்லை என்பது அதிர்ஷ்டம். நம் குரூப்பில் அந்த வீடியோ வந்திருந்தால் அதற்கும் அதே எமோஜிதான் விழுந்திருக்கும்.

காரணம் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. நாம் கண்ணால் பார்ப்பது காற்றை அல்ல. நடுவில் அழுத்தம் குறைவதால் ஈரம் திரண்டு மேகமாகிறது, கீழிருந்து மண்ணும் தூசும் ஏறுகிறது, அதைத்தான் பார்க்கிறோம். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பருத்துத் தெரியும், குறைந்தால் மெலிந்து தெரியும். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் கறுப்பு, முன்னாலிருந்து விழுந்தால் அதே டொர்னேடோ வெள்ளை. கண்ணுக்குத் தெரியும் தூணுக்கு வெளியேயும் ஆளைத் தூக்கும் காற்று சுற்றிக்கொண்டிருக்கலாம். சுற்று சுருங்கும்போது சுழற்சி வேகமெடுக்கவும் கூடும். ஆக, ஒல்லியானது என்பதில் நிம்மதிப்பட ஒன்றுமே இல்லை.

"பெரியதுதானே பொதுவாக வலுவானது?" என்று ஒருவர் கேட்டார். பொதுவாக ஆமாம். உங்கள் வீட்டு மேல் வருவது பொதுவான டொர்னேடோவா என்று எப்படித் தெரியும்?

அடுத்தது, உருவமே இல்லாதவை. 1925 மார்ச் 18 அன்று மிசௌரியில் தொடங்கி, தெற்கு இல்லினாயை அறுத்துக்கொண்டு, இண்டியானாவில் போய் முடிந்தது ஒரு டொர்னேடோ. 219 மைல், மூன்றரை மணி நேரம், 695 உயிர். மர்ஃபிஸ்பரோ என்ற ஒரே ஊரில் 234 பேர். டி சோட்டோ ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 33 பிள்ளைகள். இதுவரை அமெரிக்காவில் அதிகம் பேரைக் கொன்றது அதுதான். தப்பியவர்களில் பலர் தூண் மாதிரி எதையும் பார்க்கவே இல்லை. தரையோடு உருண்டு வரும் கறுப்பு மூட்டத்தைத்தான் பார்த்தார்கள். சாதாரண மழைமேகம் என்று நின்றவர்களுக்கு ஓட நேரமில்லை, ஏனென்றால் அது மணிக்கு 60 மைலுக்கு மேல் ஓடி வந்தது. அந்தப் பத்தில் இதற்கு இடமில்லை. வீடியோ இல்லையே!

மிசௌரியின் ஜாப்லின் நகரம், 2011 மே 22. மழைக்குள் மறைந்து வந்தது. எச்சரிக்கை சைரன் ஊதியது, பலர் கிளம்பவில்லை. டிவியைப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டில் கேட்டார்கள், வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். கண்ணால் பார்த்த பிறகு உள்ளே போகலாம் என்று இருந்தவர்கள் நிறைய என்று பிறகு வந்த அரசு ஆய்வே சொன்னது. 158 பேர் இறந்தார்கள்.

இந்த இடத்தில் என் மாமனார் வருகிறார். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கிறார். போன மாதம் ஒரு ராத்திரி சைரன் ஊதியபோது நாங்கள் இருக்கும் இரண்டாவது மாடியிலிருந்து கீழ்வீட்டுக் குளியலறைக்குப் போக வேண்டும். மனைவி குழந்தையைத் தூக்கிவிட்டாள், நான் எல்லாருக்கும் ஷூவை எடுத்துக்கொண்டேன் (உடைந்த கண்ணாடி மேல் வெறுங்காலில் நடக்க முடியாது, நினைவிருக்கட்டும்). மாமாவைக் காணோம். பால்கனியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "மாப்ள, ஒண்ணுமே தெரியலயே. நம்ம ஊர் ஆடிக் காத்துல பாதி கூட இல்ல." நான் கத்தினேன். மாமனாரிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. கீழே வந்து குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தவர் அரைமணி நேரம் என் முகத்தையே பார்க்கவில்லை. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அதை வைத்து மறுநாளே குரூப்பில் ஜோக் வந்தது, அதுவும் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவரிடமிருந்து. சரி, இருக்கட்டும்.

"ராத்திரியில் என்ன தெரியும்?" என்று மாமாவிடம் கேட்டதை உங்களிடமும் கேட்கிறேன். நம் ஊர்க் கதைதான். 2015 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நன்றாக இருட்டிய பிறகு கார்லண்ட், ரௌலட் பக்கம் இஎஃப்4 (எஃப் நம்பரின் திருத்திய வடிவம்). பத்துப் பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் நெடுஞ்சாலையில் காருக்குள். ஐ-30 நெடுஞ்சாலையும் ஜார்ஜ் புஷ் டோல் சாலையும் சேரும் அந்த இடத்தில் உங்களில் எத்தனை பேர் தினமும் போகிறீர்கள்? அந்த டொர்னேடோ ஒல்லியா குண்டா என்று பார்க்க அங்கே யாருக்கு நேரமிருந்தது?

இனி அடுத்த வாதம். "நம்பர் இருக்கே, இஎஃப்5 என்றால் வலுவானது, இஎஃப்3 என்றால் சுமார்." இதைச் சொன்னவர் படித்தவர், என்மேல் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் அந்த நம்பர் காற்றை அளந்து தருவதில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபுஜிதா 1971-இல் கொண்டுவந்த முறை அது. இளவயதில் நாகசாகியில் குண்டு விழுந்த இடத்தில் சேதம் எப்படிப் பரவியிருக்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். எது எப்படி உடைந்தது என்று பார்த்து, இதை உடைக்க எவ்வளவு காற்று வேண்டும் என்று பின்னோக்கிக் கணிப்பதுதான் முறை. 2007-இல் திருத்தி இஎஃப் ஆக்கினார்கள், அடிப்படை மாறவில்லை. கேள்வித்தாளில் வராத பாடத்துக்கு மார்க் விழாது, அவ்வளவுதான். வழியில் உடைவதற்கு ஒன்றும் இல்லையென்றால் எவ்வளவு பெரிய காற்றுக்கும் சிறிய நம்பர்தான்.

ஒக்லஹோமாவின் எல் ரீனோ, 2013 மே 31. அகலம் 2.6 மைல். இதுவரை பதிவானதிலேயே அகலமானது. நடமாடும் ராடார் அதற்குள் மணிக்கு 290 மைலுக்கு மேல் காற்றை அளந்தது. முதலில் இஎஃப்5 என்றார்கள். பிறகு, சேதத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்று இஎஃப்3 ஆக இறக்கினார்கள். பெரும்பாலும் வயல்வெளியில் போனதுதான் காரணம். எட்டுப் பேர் இறந்தார்கள், எல்லாரும் வாகனங்களில். அதில் டிம் சமாரஸ், அவர் மகன் பால், அவர்களோடு போன கார்ல் யங். டொர்னேடோவின் பாதையிலேயே கருவியை வைத்து அளந்தவர் சமாரஸ், அந்தத் துறையில் நிதானத்துக்குப் பேர் போனவர். மழைக்குள் மறைந்து, நொடியில் பருத்து, திசை மாறியதில் அவரே சிக்கினார். இந்த மனிதருக்கே கண் போதவில்லை. ஒல்லி என்று சிரித்தவர் தன் பால்கனியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட்டார்.

இன்னொன்று, ஒக்லஹோமாவின் மோர் நகரை அடித்த 2013 மே 20-க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அமெரிக்காவில் ஒரு இஎஃப்5 கூட இல்லை. காற்று சாதுவாகிவிட்டதா? 2025 ஜூன் 20 அன்று வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் அருகே வந்த டொர்னேடோ ஒரு சரக்கு ரயில்மேல் ஏறியது. காலி டேங்கர் பெட்டி ஒன்று 140 மீட்டருக்கும் மேல் தள்ளிப் போய் விழுந்தது. அதைக் கணக்குப் போட்டுத்தான் மாதங்கள் கழித்து இஎஃப்5 கொடுத்தார்கள். ரயில் அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் போயிருந்தால்?

"வீடியோ பார்த்து ரசிப்பதில் என்ன தப்பு?" ரசியுங்கள், நானும் மணிக்கணக்கில் பார்க்கிறவன்தான். ஆனால் வீடியோ ஆளைக் கொன்றிருக்கிறது. 1991-இல் கன்சாஸ் நெடுஞ்சாலையில் ஒரு டிவி குழு மேம்பாலத்தின் அடியில் பதுங்கித் தப்பிய வீடியோவை உலகமே பார்த்தது. மேம்பாலம் பாதுகாப்பானது என்று ஊரே நம்பியது. 1999 மே 3 அன்று ஒக்லஹோமாவில், ராடார் 300 மைலைத் தாண்டி அளந்த அந்தக் காற்றில், மேம்பாலத்தின் கீழ் ஒதுங்கியவர்கள் செத்தார்கள். பாலத்துக்கு அடியில் ஏறி நின்றால் காற்றும் பறந்து வரும் பொருளும் நேராக உடம்பில் அடிக்கும். நம் குரூப்பில் அந்தப் பழைய வீடியோவை இன்னமும் "பயனுள்ள தகவல்" என்று ஃபார்வர்ட் செய்கிறார்கள்.

"சைரன் பாதி நேரம் பொய்" என்பவர்களுக்கு: பாதி என்ன, முக்கால்வாசி எச்சரிக்கையில் டொர்னேடோ வராது. எனக்கும் தெரியும். உள்ளே போனதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? அரைமணி நேர நெட்ஃபிளிக்ஸ்.

ஜாரல் ஞாபகம் வருகிறது, இதே டெக்சாஸ், 1997 மே 27. ஆரம்பத்தில் எடுத்த படங்களில் அதுவும் ஒல்லிதான். பிறகு முக்கால் மைல் அகலமாகப் பருத்து, ஆள் ஓடும் வேகத்தில், நகர மனமில்லாமல் டபுள் கிரீக் என்ற குடியிருப்பின் மேல் நின்று அரைத்தது. தார்ச்சாலை உரிந்தது, புல்தரை மண்ணோடு வழிக்கப்பட்டது. 27 பேர். குடும்பம் குடும்பமாக. பாதாள அறை இல்லாத வீடுகள், சொன்னபடி உள்ளறையில் பதுங்கியவர்கள்கூடப் பிழைக்கவில்லை. அந்தப் பட்டியல் வீடியோவில் இதற்கு மூன்றாவது இடம், கூடவே டிரம்ஸ் சத்தம்.

அப்புறம் சடூரியா எத்தனையாவது இடம்? சொல்லுங்கள். வங்கதேசத்தில், மாணிக்கஞ்ச் மாவட்டத்தில், 1989 ஏப்ரல் 26 சாயங்காலம். மாதக்கணக்கில் மழையில்லாமல் மக்கள் மழைக்காகத் தொழுதுகொண்டிருந்த நேரம். தௌலத்பூர், சடூரியா பக்கம் வந்த ஒரே டொர்னேடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற டொர்னேடோ அதுதான். ஏறக்குறைய 80,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கு அதிகாரபூர்வ எஃப் நம்பர் கிடையாது. தகரக் கூரையும் மண் சுவரும் சின்னக் காற்றுக்கே போய்விடும், அதை வைத்து எஃப்5 என்று எப்படிக் கணிப்பது? உருவத்தை வைத்தும் பார்க்க முடியாது, நம்பரை வைத்தும் பார்க்க முடியாது. ஆகவே பத்தில் இல்லை, ஐம்பதிலும் இருக்காது. ஏழை வீடு இடிந்தால் அது காற்றின் பலமாகக் கணக்கில் வராது போலிருக்கிறது. அமெரிக்கக்காரன் தயாரித்த வீடியோ, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அதைச் சிலாகித்து எனக்கு அனுப்பியவர் நம்மவர்.

"நீ என்ன வானிலை நிபுணனா?" இல்லை. சாஃப்ட்வேர் வேலை. நீங்களும் அதேதான்.

குரூப்பிலிருந்து நான் விலகிவிட்டேனா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். விலகவில்லை, மியூட்டில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் எந்த அறைக்குள் போவது, மாடியில் இருந்தால் யார் வீட்டுக்குப் போவது என்று தெரியவில்லையென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், எந்த நேரமானாலும் பதில் சொல்கிறேன். எங்கள் கீழ்வீட்டுக் குளியலறையில் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். எமோஜி போட்டவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிட்டு வரவும்.