அல்பிரசோலத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு நிறுத்தாதீர்கள்

அல்பிரசோலம் என்பது பதற்றத்துக்குத் தரப்படும் மாத்திரை. “ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இரண்டே வாரத்தில் அல்பிரசோலத்தை நிறுத்திவிடலாம், மற்றதெல்லாம் மனபயம்” என்று சிலர் சொல்வது ஆபத்தானது. பல மாதம், பல வருடம் சாப்பிட்டவர்கள் தயவுசெய்து இதைப் பின்பற்ற வேண்டாம்.

இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் சுமார் 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒருநாள் விட்டால் அளவு தரைதட்டி, மறுநாள் மறுபடி ஏறும். அதாவது மாத்திரையைத் திடீரென நிறுத்துவதையே திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள். வலிப்பு வரைக்கும் போகலாம். வேளை மாறாமல் தினமும் போட்டு, அளவை மட்டும் குறைப்பதே முறை.

எவ்வளவு? 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, அப்போது எடுக்கும் அளவில் 5 முதல் 10 சதவீதம். தாங்கவில்லையென்றால் அதே அளவில் சில வாரம் நிற்கலாம், அது தோல்வி இல்லை.

பலர் சறுக்குவது கடைசியில்தான். 0.25 மி.கி. மாத்திரையில் பாதி 0.125. தினம் 1 மி.கி. எடுப்பவருக்கு அது எட்டில் ஒரு பங்கு குறைப்பு, 0.25-ல் இருப்பவருக்கோ பாதி! அதனால்தான் சில மருத்துவர்கள் உடலில் நெடுநேரம் தங்கும், அதே வகை மருந்தான டயசிபாமுக்கு மாற்றிக் குறைக்கிறார்கள். மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகை அல்பிரசோலத்தை உடைக்கவே கூடாது.

சத்தமும் வெளிச்சமும் தாங்காதது, தசை துடிப்பு, தூக்கமின்மை எல்லாம் குறைப்பால் வரும் உடல் விளைவுகள். பழைய நோய் திரும்பிவிட்டதென்று பயந்துவிடாமல், மருந்து எழுதித் தந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். வலிப்போ, இல்லாதது தெரிவதோ இருந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.